பெற்றோரை ஸ்பொன்சரில் எடுத்த தம்பிக்கு: வகுப்பை முதல் வருடமே தொடங்குங்கள்

தம்பி, ஒரே மூச்சில் ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 63, கனடாவுக்கு வந்து ஆறு கிழமை, ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் பேஸ்மென்டில் இருக்கிறீர்கள். இங்கிலீஷ் வகுப்பு எங்கே, சிட்டிசன் சோதனைக்கு இப்போதே படிக்க வேண்டுமா, எந்த வங்கி நல்லது, கார் இன்சூரன்ஸை எப்படிக் குறைப்பது, வின்டர் சப்பாத்து எங்கே வாங்குவது. வங்கியும் இன்சூரன்சும் ஆளுக்கு ஆள் மாறும், நாலு இடத்தில் விலை கேட்டுப் பாருங்கள். சப்பாத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. வகுப்பைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் எங்கட சனம் அதிகம் பிழை விடுகிற இடம் அதுதான்.

முதலில் சோதனைப் பயத்தை விடுங்கள். குடியுரிமைக்கான மொழித் தகைமையும் அறிவுச் சோதனையும் 18 முதல் 54 வயது வரையானவர்களுக்குத்தான். 2017 ஒக்டோபரிலிருந்து அப்படி. அதற்கு முன் இரண்டு வருடம் போல 14 முதல் 64 என்று வைத்திருந்தார்கள், அந்த நேரம் பிடித்த பயம் இன்னும் சனத்தை விட்டுப் போகவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கிற நாளன்று 55 ஆகியிருந்தால் சோதனை இல்லை. ஐந்து வருடத்துக்குள் 1,095 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் உண்டு. 63 வயது அம்மாவிடம் "சிட்டிசன் வகுப்பு" என்று காசு கேட்டு யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். முதியவர்களின் பயத்தை வைத்துப் பிழைக்கிற இந்த வேலையை எங்கட ஆக்களே எங்கட ஆக்களுக்குச் செய்வது பெரிய கொடுமை.

சோதனை இல்லாவிட்டால் வகுப்பு எதற்கு என்று கேட்பீர்கள். டொக்டரிடம் எங்கே நோகிறது என்று தானே சொல்ல, பஸ்ஸில் தனியே போய் வர, 911க்கு அடித்து விலாசம் சொல்ல. அதோடு, உங்களைத் தவிர வேறு நாலு முகம் பார்க்க.

இங்கே இரண்டு வகை வகுப்பு இருக்கிறது. ஒன்று லிங்க், புதிதாகக் குடியேறினவர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பு. 1992இல் மத்திய அரசு தொடங்கியது, நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் இலவசம். மற்றது மாகாண அரசின் காசில் பள்ளிக்கூடச் சபைகள் நடத்துகிற இ.எஸ்.எல்., அதாவது இங்கிலீஷை இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கிற வகுப்பு. ரொறன்ரோ மாவட்டச் சபையும் கத்தோலிக்கச் சபையும் நடத்துகின்றன. கத்தோலிக்கச் சபையின் வகுப்புக்குக் கத்தோலிக்கராக இருக்கத் தேவையில்லை, சைவக்காரர் தாராளமாகப் போகலாம். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், சிட்டிசன் ஆன அன்றே லிங்க் கதவு மூடிவிடும், அதற்குப் பிறகு இ.எஸ்.எல். மட்டும்தான். "முதலில் சிட்டிசன் எடுக்கட்டும், பிறகு ஆறுதலாகப் படிக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் லிங்க் வகுப்பைத் தாங்களே தொலைக்கிறார்கள். சூப்பர் விசாவில், அதாவது பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்கிப் போகிற விசிட்டர் விசாவில், பெற்றோரை எடுத்த நண்பர்கள் உங்களுக்கு இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்: லிங்க் அவர்களுக்குக் கிடையாது, பள்ளிக்கூடச் சபை காசு கேட்கும். பொது நூலகத்தின் இங்கிலீஷ் உரையாடல் வட்டம் அவர்களுக்கும் இலவசம், அங்கே விசா பற்றிய பேச்சே இல்லை.

லிங்க் வகுப்பில் நேரே போய் உட்கார முடியாது. முதலில் மதிப்பீடு. ரொறன்ரோவில் ஒய்.எம்.சி.ஏ. போன்ற அமைப்புகள் செய்கின்றன. போனில் நாள் எடுத்துக்கொண்டு பி.ஆர். (நிரந்தர வதிவிட) அட்டையோடு போக வேண்டும். அட்டை இன்னும் தபாலில் வரவில்லை என்றால் வந்திறங்கியபோது கிடைத்த உறுதிப் பத்திரம் போதும். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று நான்கையும் தனித்தனியே பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மட்டம் தருவார்கள். அரை நாள் போகும். காலை மருந்தையும் சாப்பாட்டையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியே இருக்க வேண்டும். உள்ளே போய் அம்மாவுக்குப் பதில் சொல்லிக் கொடுக்க நினைக்காதீர்கள். மட்டம் கூடிப் போனால் வகுப்பில் அவர் விளங்காமல் உட்கார்ந்து, மூன்றாம் கிழமை தலையிடி என்று நின்றுவிடுவார்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வருகிற சிக்கல் வேறு. வாசிப்பும் இலக்கணமும் உயரமாக நிற்கும், கேட்டல் பள்ளத்தில் கிடக்கும். இங்குள்ளவர்கள் சொல்லை விழுங்கிப் பேசுகிற வேகம் அவர் காதுக்குப் பழக்கமில்லை. வகுப்பு பெரும்பாலும் கேட்டலையும் பேச்சையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். முப்பது வருடம் படிப்பித்தவருக்கு முதற்கிழமை வாழைப்பழம், அப்பிள், விலை என்ன என்று நடக்கும். கோபம் வரும், "இனிப் போக மாட்டேன்" என்பார். ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். கேட்டல் ஏறினதும் ஆசிரியரே மட்டம் மாற்றுவார். அதுவரை நூலக உரையாடல் வட்டத்துக்கும் போகட்டும், அங்கே அவர் அறிவுக்கு ஏற்ற பேச்சு கிடைக்கும்.

கேட்டல் பல மாதமாக ஏறாவிட்டால் காதைப் பாருங்கள். 65க்குப் பிறகு பாதிப் பிரச்சினை இங்கிலீஷில் இல்லை, காதில் இருக்கிறது. ஒன்ராறியோவின் உதவிக் கருவித் திட்டம் காதுக் கருவி விலையில் 75 வீதத்தை, ஒரு காதுக்கு 500 டொலர் வரை தரும். கண்ணாடியையும் வகுப்புத் தொடங்க முன் மாற்றிவிடுங்கள். ஊரில் எடுத்த பழைய கண்ணாடியோடு வெள்ளைப் பலகையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்துவிட்டு, "எனக்குப் படிப்பு ஏறாது" என்கிற அம்மாமார் கனபேர்.

வகுப்பைத் தெரிவு செய்யும்போது "நல்ல பள்ளிக்கூடம்" தேடி அலையாதீர்கள். பஸ்ஸைப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற இடம் முதல் தெரிவு. இரண்டு பஸ் என்றால் மாறும் இடத்தில் கூரை இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். ஜனவரியில் மைனஸ் 15இல் சந்தியில் பதினைந்து நிமிடம் நின்றவர் அடுத்த நாள் வர மாட்டார். டிசம்பரில் நாலே முக்காலுக்கு முன்னமே சூரியன் விழுந்துவிடும், ஆகையால் மூன்று மூன்றரைக்குள் முடிகிற வகுப்பை எடுங்கள். சப்பாத்து கேட்டீர்களே: கணுக்காலுக்கு மேலே வர வேண்டும், அடி இறப்பர் மென்மையாக இருக்க வேண்டும், தடித்த மேஸ் போடுவதால் அரை அளவு பெரிதாக எடுங்கள். பஸ்ஸுக்குப் பிரெஸ்டோ அட்டை. அப்பாவுக்கு 65 கடந்ததால் முதியோர் கட்டணம், ஆனால் அட்டை தானாக அப்படி மாறாது. வயதுச் சான்றோடு ஷொப்பர்ஸ் மருந்துக்கடைக்குப் போய் மாற்ற வேண்டும். மாற்றாத அட்டையில் மாதக்கணக்காக முழுக் காசு போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறை தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்ப ஏறக் காசில்லை.

முதல் நாள் நீங்கள் கூடப் போங்கள். இரண்டாம் நாள் பஸ்ஸில் அவர் முன்னே, நீங்கள் பின்னே. மூன்றாம் நாள் இறங்கும் தரிப்பில் மட்டும் நில்லுங்கள். அதற்குப் பிறகு விடுங்கள். காரில் கொண்டுபோய் இறக்குவது பாசம் மாதிரித் தெரியும், ஆனால் உங்கள் வேலை நேரம் மாறுகிற அன்று வகுப்பும் நின்றுவிடும்.

பெயரையும் வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். பி.ஆர். அட்டையில் அம்மாவின் குடும்பப் பெயர் இடத்தில் அவருடைய அப்பா பெயரோ புருஷன் பெயரோதான் இருக்கும். ஆசிரியர் வரவுப் பட்டியலில் அதை வாசித்துக் கூப்பிட, அம்மா யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருப்பார். முதல் மட்டத்தில் செய்கிற முதல் பயிற்சியே படிவம் நிரப்புவது: குடும்பப் பெயர், சொந்தப் பெயர், பிறந்த தேதி, தபால் குறியீடு. தேதியில் வருடம் முன்னே, பிறகு மாதம், கடைசியில் நாள் என்று கேட்கிற படிவங்கள் இங்கே நிறைய. இந்த நாலையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வீட்டில் பத்துத் தரம் எழுத வையுங்கள். சில வகுப்புகளில் பெரிய கோப்பு ஒன்றும் தருவார்கள், செய்த பயிற்சிகளையும் மதிப்பீடுகளையும் அதில் சேர்த்து வைக்க வேண்டும். அது பரீட்சை இல்லை, யாரும் பெயில் விட மாட்டார்கள் என்று முன்னமே சொல்லி வையுங்கள். கோப்பு பாரம் என்றால் வகுப்பிலேயே வைத்துவிட்டு வரலாமா என்று கேளுங்கள்.

இனி எனக்கு மனம் பொறுக்காத ஒன்று. பெற்றோரை எடுத்ததும் பிள்ளை பார்க்கிற வேலையைக் கொடுத்துவிடுகிறோம். வகுப்பு ஒன்பது மணிக்கு, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அதே நேரம்தான், அதனால் வகுப்பு "அடுத்த வருடம்" ஆகிறது. ரொறன்ரோ நகர நடுவில் வெல்லெஸ்லி, பார்லிமென்ட் தெருப் பக்க அடுக்குமாடிகளில் எங்கட சனம் நெருக்கிக்கொண்டு இருந்த காலத்திலிருந்து இதே கதைதான். பிள்ளைகள் இரண்டு வேலை செய்தார்கள், அம்மாமார் வீட்டில் நின்றார்கள். பேரப்பிள்ளை யூனிவர்சிற்றிக்குப் போனபோது அந்த அம்மாவுக்கு 75, வாசலால் போகிற பஸ்ஸின் இலக்கம் தெரியாது. அதே கட்டடங்களில் சீனப் பாட்டிகளோடும் ஆப்கான் பாட்டிகளோடும் ஒரே மேசையில் இருந்து படித்த எங்கட அம்மாமாரும் இருந்தார்கள். பொது மொழி அரைகுறை இங்கிலீஷ் மட்டும்தான், அதனால் அது வேகமாக வளர்ந்தது. நீங்களும் தமிழர் மட்டும் இருக்கிற வகுப்பைத் தேடாதீர்கள். அங்கே இடைவேளை முழுக்கத் தமிழ்தான். தமிழ்ச் சங்கங்களுக்குச் சனி ஞாயிறில் கூட்டிக்கொண்டு போங்கள்.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபுறோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு 30 இலட்சம் டொலர் சேர்த்து 2021இல் முடித்துக் காட்டிய சமூகம் நாங்கள். அதில் எனக்குப் பெருமைதான். அந்த அக்கறையில் கொஞ்சம் வீட்டிலிருக்கிற பெரியவர்கள் மேலும் வர வேண்டும். அதே பல்கலைக்கழகம் 65 கடந்த சிட்டிசன்களுக்கும் பி.ஆர். காரருக்கும் பட்டப் படிப்புக் கட்டணம் கேட்பதில்லை. யோர்க் பல்கலைக்கழகத்தில் அது 60 வயது. அனுமதியை மற்ற மாணவர் போல முறையாக எடுக்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் அப்பாவுக்கு அது சரிவரலாம்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தவிர நகரசபையின் வகுப்புகளும் இருக்கின்றன: நீச்சல், யோகா, தையல், கணினி. 60 வயதுக்கு மேல் பாதி விலை, வருமானம் குறைவென்றால் நகரசபையின் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம். பதிவு காலை 7 மணிக்குத் திறக்கும், நல்ல வகுப்புகள் நிமிடக்கணக்கில் நிரம்பிவிடும். பதிவுக்கு முதல் நாளே கணக்கைத் திறந்து வகுப்பின் இலக்கத்தைக் குறித்து வையுங்கள்.

லிங்கில் வருடம் முழுக்கச் சேர்ப்பார்கள், ஆனால் செப்டம்பரில் நெரிசல். மதிப்பீட்டுக்கு இந்தக் கிழமையே போன் எடுங்கள். இருவருக்கும் ஒரே நாள் கேளுங்கள், வகுப்பு மட்டும் வேறு வேறாக இருக்கட்டும். ஒரே அறையில் விட்டால் அம்மாவிடம் கேட்கிற கேள்விக்கெல்லாம் அப்பாதான் பதில் சொல்வார்.