மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தையைக் குளிர்விக்கலாமா? கேள்வி பதில்

மாவட்ட மருத்துவமனைச் செவிலியர்: டாக்டர் மேடம், பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதித்த பச்சைக் குழந்தையை, சேதத்தைக் குறைக்க 33.5 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்களே, எங்கள் எஸ்.என்.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தை சிறப்புச் சிகிச்சைப் பிரிவு) குளிர்ந்த ஜெல் பேக் வைத்துச் செய்யலாமா?

வேண்டாம் சிஸ்டர். இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 7 பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் கருவி, 72 மணி நேரக் கண்காணிப்பு எல்லாம் இருந்தும், குளிர்வித்தவர்களில் முடிவு தெரிந்த 198 பேரில் 84 பேர் இறந்தார்கள். குளிர்விக்காதவர்களில் முடிவு தெரிந்த 201 பேரில் 63 பேர். ஜெல் பேக்கில் இன்னும் மோசம். தொட்ட இடத்தில் தோல் கெடும், வெப்பம் கைமீறி இறங்கும். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது தாமதமாகும், நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும்.

பட்டமேற்படிப்பு மாணவர்: மேலை நாடுகளில் பலன் கிடைத்ததே?

கிடைத்தது. அங்கே 7 குழந்தைகளைக் குளிர்வித்தால் ஒரு குழந்தை மரணத்திலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ தப்பியது. பிறந்து 6 மணி நேரத்துக்குள், இரண்டாம் கட்டச் சேதம் (சில மணி நேரம் கழித்து மூளை செல்கள் சாகத் தொடங்குவது) தொடங்குமுன் குளிர்விப்பதுதான் அதன் அடிப்படை. நம் குழந்தைகளில் பலருக்கு பாதிப்பு பிரசவ வலியின்போதே மணிக்கணக்கில் மெதுவாக நடக்கிறது. ஸ்கேனில் மூளையின் வெள்ளைப் பகுதிச் (நரம்பிழைகள் உள்ள பகுதி) சேதம்தான் அதிகம் தெரிகிறது. நாம் கையில் எடுக்கும்போதே அந்த நேரம் கடந்திருக்கலாம். குளிர்விப்பதற்கு ஆதரவாக, வேலூரில் 50 குழந்தைகளிடம் நடந்த ஆய்வை எதிர்வாதமாகச் சொல்பவர்கள் உண்டு. இறப்பைப் பற்றி முடிவெடுக்க அந்த எண்ணிக்கை போதாது என்பது என் கருத்து.

அதே செவிலியர்: அப்படியானால் நாங்கள் என்ன செய்வது?

காய்ச்சல் வரவிடாதீர்கள். இந்தக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு டிகிரி ஏற்றமும் மூளைக்கு ஆபத்து. இலக்கு 36.5 முதல் 37.5 வரை. பெரும்பாலும் தவறு நடப்பது வார்மரில்தான் (குழந்தைக்குச் சூடு தரும் கருவி). உடல் வெப்பத்தை அளக்கும் ப்ரோப் கழன்றுவிட்டால், குழந்தை குளிர்ந்திருக்கிறது என்று கருவி நினைத்துச் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். வயிற்றின் வலது மேற்புறம், எலும்பில்லாத இடத்தில் ஒட்டுங்கள். குழந்தை அதன்மேல் படுக்கக் கூடாது. திரையை மட்டும் நம்பாமல் மணிக்கு ஒருமுறை அக்குளில் வெப்பமானி வையுங்கள்.

ரத்தச் சர்க்கரை 45 மி.கி./டெ.லி.க்குக் கீழே போகக் கூடாது. வலிப்பு வந்தால் ஃபீனோபார்பிடோன் கிலோவுக்கு 20 மி.கி., 20 நிமிடத்தில், மூச்சைக் கவனித்தபடி. வென்டிலேட்டரில் இருந்தால் அதிகமாக ஊதித் தள்ளாதீர்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 35 mmHg-க்குக் கீழே இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும்.

ஆம்புலன்ஸ் உதவியாளர்: வழியிலேயே துணியை விலக்கி ஆறவைக்கலாமா?

கூடாது தம்பி. துடைத்து, தொப்பி போட்டு, கதகதப்பாகவே கொண்டுவாருங்கள்.

பிரசவ அறைச் செவிலியர்: இது வராமலே தடுக்க முடியுமா?

நிறைய முடியும். பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் மருந்தை ஏற்றிவிட்டு குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்காமல் விடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. முதல் கட்டத்தில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேளுங்கள். துடைத்துத் தூண்டியும் குழந்தை மூச்சுவிடவில்லையா? முதல் நிமிடத்துக்குள் பேக், மாஸ்க் வைத்துக் காற்று ஊதுங்கள். நிமிடத்துக்கு 40 முதல் 60 ஊதல், நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றில் தொடங்கலாம். மார்பு எழவில்லை என்றால் முதலில் மாஸ்க் ஓரம் கசிகிறதா, கழுத்து மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு தந்தை: எங்கள் குழந்தையைக் குளிர்விக்கவில்லை. தவறிவிட்டோமா?

இல்லை ஐயா. இனி வளர்ச்சிதான் முக்கியம். கேட்கும் திறன் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கை இறுகியே இருப்பது, 4 மாதமாகியும் தலை நிற்காதது தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு உடனே கூட்டிப்போங்கள்.