கேளுங்க, பேசுவோம்: சைக்கிள்ல வேலைக்குப் போனா ஏன் இத்தனை கேள்வி?

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல நாலு ஒரே விஷயத்தைச் சுத்தியே இருந்துச்சு, அதனால நாலையும் சேர்த்தே எடுத்துக்கிட்டேன். மத்தவங்க கேள்வி அடுத்த இதழ்ல.

கேள்வி: எனக்கு 36 வயசு. கிண்டி தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், வீடு மடிப்பாக்கம். ஏழு மாசமா சைக்கிள்லதான் ஆபீஸ் போறேன், ஒரு பக்கம் எட்டு கிலோமீட்டர் சொச்சம். டாக்டர் சொல்லலை, கடன் இல்லை, பைக் வீட்டுலதான் நிக்குது, எனக்குப் பிடிச்சிருக்கு அவ்வளவுதான். ஆனா முதல் நாள் ஆரம்பிச்ச பேச்சு இன்னும் ஓயலை. "என்னண்ணே வண்டியை வித்துட்டீங்களா"ன்னு ஒருத்தர், "சுகர் எவ்ளோ இருக்கு"ன்னு ஒருத்தர், "பெட்ரோல் காசுலயே வீடு கட்டிருவாரு"ன்னு இன்னொருத்தர். போன மாசம் ஒரு நாள் பத்து நிமிஷம் லேட்டு, மேனேஜர் எல்லார் முன்னாடியும் "சைக்கிள்ல வந்தா இப்படித்தான்"னு சொல்லிட்டாரு, அன்னைக்கு பைக்ல வந்த மூணு பேரும் லேட்டுதான். சைக்கிள் விட இடமும் கிடையாது, ஜெனரேட்டர் பக்கத்துல சுவத்துல சாத்தி வைக்கிறேன். வீட்டுல மனைவியும் "எதுக்குங்க இந்தப் பேச்சு, வண்டியிலேயே போங்களேன்"ங்கிறாங்க. விட்டுரவா?

பதில்: விடாதீங்க தம்பி. ஏழு மாசம்னா ஒரு கோடையைப் பாத்திருப்பீங்க, இல்லைன்னா ஐப்பசி மழையைப் பாத்திருப்பீங்க, அதையே தாண்டி வந்தவரு பேச்சுக்காக நிறுத்துனா மனசு ஆறாது.

ஏன் கேக்குறாங்கன்னு முதல்ல பாப்போம். நம்ம ஊர்ல சைக்கிள்ங்கிறது ஏணியில ஒரு படி. சின்ன வயசுல குரங்கு பெடல் போட்டுக் கத்துக்கிட்டு, மணிக்கு இவ்ளோன்னு வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டி, அதுலயே ஸ்கூலுக்குப் போயி, வேலை கிடைச்சதும் முன்பணம் கட்டி ஒரு பைக், கல்யாணம் குழந்தைன்னு ஆனதும் ஒரு கார். இந்தப் படியில மேல ஏறுறவங்களைத்தான் எல்லாரும் பாத்திருக்காங்க, ஒருத்தர் கீழ இறங்குனா வீட்டுல ஏதோ கஷ்டம்னுதான் மனசு உடனே ஓடும். அதனால "வண்டியை வித்துட்டீங்களா"ன்னு கேட்டவரு நிஜமாவே பதறிப்போயி கேட்டிருக்கலாம். அவர்கிட்ட கோவப்படாதீங்க. "வண்டி வீட்டுல இருக்குண்ணே, இது பிடிச்சிருக்கு"ன்னு சொல்லிட்டு அதோட நிறுத்திருங்க. பெட்ரோல் விலை, காத்து மாசு, உடம்புக்கு நல்லதுன்னு நீட்டுனீங்கன்னா எதிர்ல இருக்கிறவரு "அப்போ நான் செய்றது தப்புங்கிறான்"னு எடுத்துக்குவாரு, அங்கதான் பாதி கேலி பொறக்குது. நீங்க வாயே திறக்கலைன்னாலும் சில பேருக்கு உங்க சைக்கிளைப் பாத்தாலே "நாமளும் ஏதாவது உடம்பை அசைக்கணுமே"ன்னு உறுத்தும், அந்த உறுத்தலைத்தான் உங்க மேல கொட்டுறாங்க.

ஆனா எனக்கு இதுல ரொம்ப நாளா மனசைக் குடையிற விஷயம் வேற ஒண்ணு இருக்கு. உங்க ஆபீஸ்ல சைக்கிள்ல வர்ற ஆளு நீங்க ஒருத்தர் மட்டும்தானா? காலையில எல்லாருக்கும் முன்னாடி வந்து தரையைத் துடைக்கிற அக்கா எதுல வர்றாங்க, நைட் ஷிப்ட் செக்யூரிட்டி பெரியவரு எதுல வர்றாரு, டீ கேனை கேரியர்ல கட்டிக்கிட்டு வர்றவரு எதுல வர்றாரு, கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. அவங்ககிட்ட யாராவது சுகர் எவ்ளோன்னு கேட்டிருக்காங்களா? கேக்க மாட்டாங்க, ஏன்னா அவங்க சைக்கிள்ல வர்றது யார் கண்ணுலயும் படுறதே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல, விவசாயமும் வீட்டுத்தொழிலும் இல்லாத மத்த வேலைகளுக்குப் போறவங்கள்ல 2.5 கோடிப் பேருக்கு மேல சைக்கிள்ல போறதா பதிவாகியிருக்கு, அதாவது நூத்துக்கு 13 பேர். அத்தனை பேர் ஓட்டுறப்ப வராத ஆச்சரியம் பைக் வாங்க முடிஞ்ச ஒருத்தர் ஓட்டுனா மட்டும் ஏன் வருது? ஆச்சரியம் சைக்கிள் மேல இல்லைங்க, "நம்ம ஆளு அவங்க மாதிரி வர்றானே"ங்கிறதுலதான். இதைச் சொல்றதுக்கு எனக்கே கஷ்டமா இருக்கு, ஆனா உண்மை.

இதே சைக்கிளுக்கு ஒரு காலத்துல இருந்த மரியாதை வேற. எங்க அப்பா ஒரு அலுவலகத்துல கிளார்க். பச்சைக் கலர் ஹெர்குலிஸ், ஃபுல் செயின் கவர், டைனமோ லைட்டு, ஞாயித்துக்கிழமை ஆனா தேங்காண்ணெய் தொட்ட துணியால ரிம்மைத் துடைப்பாரு, நாங்க ஸ்போக்ஸ் கம்பியை ஒண்ணொண்ணா துடைக்கணும். அந்த அலுவலகத்துல தகரக் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு இருந்துச்சு, ஆபீசர்ல இருந்து பியூன் வரைக்கும் அதே ஸ்டாண்டுலதான் விடுவாங்க. அந்த ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாம் 1949ல தொடங்குன டிஐ சைக்கிள்ஸ் தயாரிப்பு, அம்பத்தூர் ஃபாக்டரி. சைக்கிள் நம்ம சென்னையிலேயே தயாரான பொருள் தம்பி, நீங்க புதுசா ஒண்ணும் கொண்டு வந்துடலை.

மேனேஜர் விஷயத்தை மட்டும் சும்மா விடாதீங்க. மூணு மாசத்து வருகைப் பதிவை எடுத்துக்கிட்டு தனியா அவரைப் பாத்து, "சார், இதுல ஒரு நாள்தான் லேட்டு, அதை சைக்கிளோட சேர்த்து எல்லார் முன்னாடியும் சொன்னது எனக்கு வருத்தமா இருந்துச்சு"ன்னு பொறுமையா சொல்லுங்க. அடுத்து அந்த ஸ்டாண்டு. ஒரு கார் நிக்கிற இடத்துல எட்டு சைக்கிள் தாராளமா நிக்கும், சுவத்தோரமா ஒரு இரும்பு பைப்பை வெல்டு பண்ணி விட்டா பூட்டுறதுக்கும் ஆச்சு, மேல ஒரு ஷீட்டு போட்டா மழைக்கும் ஆச்சு. இதை நீங்க ஒருத்தரா கேக்காதீங்க, செக்யூரிட்டி பெரியவரையும் துடைக்கிற அக்காவையும் சேர்த்துக்கிட்டு, அவங்களுக்கும் சேர்த்துக் கேளுங்க. இத்தனை வருஷமா அவங்க சைக்கிள் எங்க நிக்குதுன்னு யாருமே கேட்டிருக்க மாட்டாங்க.

வீட்டம்மாகிட்ட ஒரு தகவல் சொல்லுங்க. பிரிட்டன்ல 2.6 லட்சம் பேரை அஞ்சு வருஷம் கவனிச்சு கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, சைக்கிள்ல வேலைக்குப் போறவங்களுக்கு இதய நோயும் கேன்சரும் குறைவா இருந்துச்சுன்னு அதுல வந்துச்சு. சைக்கிள்தான் காரணம்னு அதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா சும்மா தள்ளிவிடுற விஷயமும் இல்லை. அவங்களுக்கு ஊர்ப் பேச்சை விட ரோட்டு பயம்தான் பெருசுன்னு எனக்குத் தோணுது, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நீங்க போற வழியை அவங்களையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. எந்த இடத்துல இறங்கித் தள்ளுறீங்க, எந்தத் தெருவுக்குள்ள புகுந்து மெயின் ரோட்டைத் தவிர்க்கிறீங்கன்னு கண்ணால பாத்துட்டா பாதி கவலை குறையும்.

கேள்வி: கீரனூர் பக்கம் மேல்நிலைப்பள்ளி ஆசிரியை, வயசு 44. ஸ்கூட்டி அடிக்கடி ரிப்பேர் ஆனதால சைக்கிள்ல போக ஆரம்பிச்சேன், இப்ப அதுவே பழகிருச்சு, நாலு கிலோமீட்டர்தான். ஸ்டாஃப் ரூம்ல "டீச்சர் சைக்கிள்ல வந்தா பசங்க எப்படி மதிப்பாங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க, பசங்க ஒண்ணும் சொல்லலை. எங்கம்மா அறிவொளியில சைக்கிள் கத்துக்கிட்டவங்க, அவங்ககிட்ட இதைச் சொன்னேன், ரொம்ப வருத்தப்பட்டாங்க.

பதில்: டீச்சரம்மா, உங்கம்மா வருத்தப்பட்டதைப் படிச்சதும் எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 1990கள் தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்தப்ப, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தாங்க, எழுத்தறிவோட சேர்த்து சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கத்துக்குடுத்தாங்க. கூலி வேலை செய்றவங்க, கல் குவாரியில உடைக்கிறவங்க, கிராம நர்சுங்க, அங்கன்வாடி ஊழியர்கள், உங்களை மாதிரி டீச்சருங்கன்னு ஒரு லட்சம் பெண்களுக்கு மேல சைக்கிள்ல ஏறுனாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி, குறுக்குக் கம்பியில குழந்தையை உக்கார வச்சு ஓட்டுனவங்க உண்டு. ஆரம்பத்துல அவங்க கேட்ட பேச்சு கொஞ்ச நஞ்சம் இல்லை, உங்க ஸ்டாஃப் ரூம் பேச்சை விட ரொம்பக் கேவலமான பேச்செல்லாம் கேட்டுக்கிட்டுதான் ஓட்டுனாங்க. பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த நேரம், யாராவது கொண்டு விடுவாங்களான்னு பாத்த நேரம் எல்லாம் மிச்சமாச்சு, தண்ணி எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகன்னு எல்லாத்துக்கும் அவங்க கையிலயே ஒரு வண்டி.

இன்னொண்ணு, உங்க பதினொண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு அரசாங்கமே இலவச சைக்கிள் குடுக்குது இல்லையா. பிள்ளைக்கு அரசாங்கம் மாலை மரியாதையோட குடுக்கிற வண்டி டீச்சருக்கு மட்டும் மரியாதைக் குறைவா? பசங்க ஒண்ணும் சொல்லலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுங்களுக்குப் புரிஞ்சிருக்கு. ஒரு தடவை உங்கம்மாவை பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வந்து, அவங்க எப்படிக் கத்துக்கிட்டாங்கன்னு பிள்ளைங்ககிட்டப் பேசச் சொல்லுங்க. ஸ்டாஃப் ரூமும் கேக்கட்டும்.

கேள்வி: நான் மறுபக்கத்துல இருந்து கேக்குறேன். கோயமுத்தூர்ல ஒரு அலுவலகம், பக்கத்து சீட்டு நண்பர் 11 கிலோமீட்டர் சைக்கிள்ல வர்றாரு, நல்ல மனுஷன், ஆனா பத்து மணி வரைக்கும் வியர்வை வாடை தாங்க முடியலை. மத்தவங்க முதுகுக்குப் பின்னாடி பேசுறாங்க. அவர் மனசு நோகாம எப்படிச் சொல்ல?

பதில்: நேரா, தனியா, நீங்களே சொல்லிருங்க. முதுகுக்குப் பின்னாடி பேசுறதை என்னைக்காவது அவரே கேட்டா அதுதான் ரொம்ப வலிக்கும். வியர்வை வந்த உடனே நாறாது, தோல்ல இருக்கிற பாக்டீரியா அதைச் சிதைக்கிறப்பதான் வாடை வரும், அதனால வந்து சேர்ந்ததும் அஞ்சு நிமிஷம் உக்காந்து உடம்பு ஆறுன பிறகு ஈரத்துண்டால கழுத்து, அக்குள் துடைச்சுட்டு வேற சட்டை மாத்துனா முக்கால்வாசி பிரச்சினை தீரும். வந்த சூட்டோட சட்டை மாத்துனா அதுவும் நனைஞ்சிரும், நிறைய பேர் இந்தத் தப்பைத்தான் செய்றாங்க. ஓட்டுறப்ப பாலியஸ்டர் டீ-ஷர்ட்டைப் போட்டுட்டு அதையே நாள் பூரா போட்டிருந்தா வாடை நிக்கும். பையை முதுகுல மாட்டாம கேரியர்ல கட்டுனா முதுகு நனையறது பாதி குறையும். ரெண்டு சட்டையை ஆபீஸ் டிராயர்லயே வச்சுக்கச் சொல்லுங்க. நீங்க ஒரு உதவி பண்ணலாம், துணி மாத்த ஒரு ரூம், ஈரத்துண்டு காயப்போட ஒரு கொடி, இது ரெண்டும் வேணும்னு நிர்வாகத்துகிட்ட அவருக்காக நீங்க கேளுங்க. சைக்கிள் ஓட்டாத ஒருத்தர் கேட்டா அதுக்கு இருக்கிற எடையே தனி.

கேள்வி: சைக்கிளுக்கு ஹெல்மெட் போட்டா ஆபீஸ்ல சிரிக்கிறாங்க, சட்டத்துல இருக்கா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்துல ஹெல்மெட் கட்டாயம்னு இருக்கிறது மோட்டார் சைக்கிளுக்குத்தான், மிதிக்கிற சைக்கிளுக்கு இல்லை. இருந்தாலும் போடுங்க, விழுந்தா அடிபடுறது உங்க தலைதான். ராத்திரி வீடு திரும்புறவரா இருந்தா ஹெல்மெட் போக சைக்கிளுக்குப் பின்பக்கம் சிவப்பு லைட்டு ஒண்ணு கட்டாயம் மாட்டுங்க, சீட்டுக் கம்பியில மாட்டுற சின்னதுதான், சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். மட்கார்டுல இருக்கிற ரிஃப்ளெக்டரை மட்டும் நம்பி இருக்காதீங்க, சேறு படிஞ்சா அது இருந்தும் இல்லாத மாதிரிதான், வாரம் ஒரு தடவை துடைங்க.