கடைப் பெயர் யார் கையில் இருக்கிறது? இணையத்தில் விற்கும் சிறு உற்பத்தியாளர்களின் கேள்விகளும் பதில்களும்

வீட்டிலும் சிறு கூடத்திலும் பொருள் செய்து இணையத்தில் விற்பவர்கள், தங்கள் பெயரை நிலைநிறுத்துவது குறித்துக் கேட்ட கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிறு உற்பத்தியாளர்களுக்குப் பெயர்ப் பதிவிலும் லேபிளிலும் பல ஆண்டுகளாகத் துணை நின்ற அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. சாத்தான்குளம் பக்கம் வீட்டிலிருந்தே கருப்பட்டியும் சுக்குப்பொடியும் விற்கிறேன். இதுவரை வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்கள் மட்டுமே வாங்குகிறார்கள். கடைக்கு எப்படிப்பட்ட பெயர் வைக்கலாம்?

பதில்: வணக்கம் அம்மா. நினைத்திருக்கும் பெயரை முதலில் தொலைபேசியில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஒருமுறை காதில் கேட்டவர், எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லாமலே அதைத் தட்டச்சு செய்து உங்களைக் கண்டுபிடித்துவிட வேண்டும். கருப்பட்டி என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒரு 'பி' போட்டும், இன்னொருவர் இரண்டு 'பி' போட்டும் தேடுகிறார்கள். பெயரில் 'ழ' வந்துவிட்டால், தமிழ்நாட்டைத் தாண்டியவர்கள் அதைச் சரியாகப் படிப்பது அரிது. எனக்கு மிகவும் பிடித்த எழுத்து அது. ஆனாலும் வெளியூர்ப் பார்சலை நம்பித் தொழில் செய்பவர், அதைப் பெயரில் வைப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும் என்றே சொல்வேன்.

அடுத்து, 'சுத்தமான பனங்கருப்பட்டி' என்பதுபோல் பொருளின் தன்மையை மட்டும் சொல்லும் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். அப்படிப்பட்ட பெயரை ஒருவருக்கே உரியதாகப் பதிவு செய்து கொடுக்க, 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் (டிரேட்மார்க்) சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. எல்லா வியாபாரிகளும் பயன்படுத்த வேண்டிய சொற்களை ஒருவர் வேலி போட்டு அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதே காரணம். பாட்டியின் பெயர், வீட்டு முற்றத்து மரத்தின் பெயர், ஊரில் உங்கள் குடும்பத்தை அழைக்கும் பட்டப்பெயர் ஆகியவை பொருளோடு நேரடித் தொடர்பு இல்லாதவை என்பதாலேயே வலுவானவை.

பெயர் முடிவானதும், அதே பெயரோ அதைப்போல் ஒலிக்கும் பெயரோ முன்பே பதிவாகியிருக்கிறதா என்று வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடிப் பாருங்கள். லேபிள் அச்சடிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். அச்சடித்த பிறகு தேடிப் பார்த்து வருந்தியவர்கள் பலரை நான் அறிவேன்.

கேள்வி: டிரேட்மார்க் பதிவுக்கு எவ்வளவு செலவாகும்? என்னைப் போன்ற சிறிய ஆளுக்கு அது தேவையா?

பதில்: தேவைதான். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தனிநபரோ சிறு நிறுவனமோ இணையவழியில் விண்ணப்பித்தால், ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். கருப்பட்டி, மசாலாப் பொடி, மாவு, மிட்டாய் ஆகியவை 30ஆம் வகுப்பில் அடங்கும். ஊறுகாயும் சமையல் எண்ணெயும் 29ஆம் வகுப்பில் வரும். எனவே மேலே கேட்ட சகோதரிக்கு ஒரு வகுப்பே போதும். நாளை செக்கு எண்ணெயும் சேர்த்தால் இரண்டு வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டு வணிகச் சின்னப் பதிவகத்தின் இதழில் வெளியான பிறகு, ஆட்சேபம் தெரிவிக்க மற்றவர்களுக்கு 4 மாதம் அவகாசம் உண்டு. பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவுச் சான்று கைக்கு வரும் வரை பெயருக்கு அருகில் 'டிஎம்' என்று மட்டுமே போட வேண்டும். பதிவானது என்பதைக் காட்டும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியை அதற்கு முன் போடுவது சட்டப்படி தவறு.

கேள்வி: கோவில்பட்டியில் கடலை மிட்டாய் செய்கிறோம். இணையத்தில் எங்கெங்கோ செய்ததையெல்லாம் 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' என்று விற்கிறார்கள். எங்களைத் தனித்துக் காட்டுவது எப்படி?

பதில்: ஓர் ஊரின் பெயரால் புகழ்பெற்ற பொருளுக்குத் தரப்படும் புவிசார் குறியீடு, உங்கள் மிட்டாய்க்கு 2020இல் கிடைத்தது. அந்தக் குறியீடு தனி ஒருவரின் சொத்து அன்று. அந்தப் பகுதியில், பதிவில் சொல்லப்பட்ட முறைப்படி செய்யும் எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் ஊரில் கடை இருப்பதாலேயே முழு உரிமை வந்துவிடாது. சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, போலிகளைப் பற்றி மட்டும் வருந்திக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

ஊர்ப் பெயர் வாடிக்கையாளரை உங்கள் தெரு வரைக்கும் அழைத்து வரும். வாசலுக்கு அழைத்து வர உங்கள் பெயர் வேண்டும். ஆகவே இரண்டையும் லேபிளில் சேர்த்தே போடுங்கள். பாகு காய்ச்சுவதையும், வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறுவதையும், தட்டில் பரப்பித் துண்டு போடுவதையும் உங்கள் கூடத்திலேயே படம் எடுத்துப் போடுங்கள். வேறு இடத்தில் வாங்கி உறை மாற்றி விற்பவரால் அந்தப் படத்தைக் காட்ட முடியாது.

கேள்வி: சென்னிமலைப் போர்வைகளை இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். 12,000 பேர் பின்தொடர்கிறார்கள். இதற்கு மேல் தனி இணையதளம் எதற்கு?

பதில்: 2020 ஜூன் 29ஆம் தேதி இரவை நினைத்துப் பாருங்கள். டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு இந்திய அரசு அன்று தடை விதித்தது. தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. அதில் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெயர் சேர்த்தவர்களுக்கு, தங்களைப் பின்தொடர்ந்தவர்களிடம் 'நான் இந்த இடத்துக்கு மாறிவிட்டேன்' என்று சொல்லிக்கொள்ளக்கூடச் சரியான வழி இருக்கவில்லை. இன்ஸ்டாகிராம் கணக்கும் வாடகை வீடு போன்றதுதான். அது முடக்கப்பட்டாலோ திருடப்பட்டாலோ அந்த 12,000 பேரும் உங்களுக்கு முகம் தெரியாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

இன்ஸ்டாகிராமை விட வேண்டாம். ஆனால் வாங்கியவர்களின் பெயரையும் எண்ணையும், அவர்கள் சம்மதத்துடன், உங்கள் குறிப்பேட்டிலும் கணினியிலும் எழுதி வையுங்கள். சொந்த டொமைனில், அதாவது உங்கள் பெயரில் பதிவான இணைய முகவரியில், ஒரே ஒரு பக்கம் இருந்தாலும் போதும்: யார் நெய்கிறார்கள், என்ன நூல், என்ன அளவு, என்ன விலை, திருப்பி அனுப்ப வழி என்ன என்பவை அதில் இருக்கட்டும். கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்துவிட்டு, பலகை, பில், இணையப் பக்கம் மூன்றிலும் பெயரையும் முகவரியையும் ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் நவதானியக் கஞ்சி மாவு சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று ரீல்ஸில் சொல்ல ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தடை செய்கின்றன. தவறான விளம்பரத்துக்கு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. அந்தப் பேச்சை நம்பி ஒரு முதியவர் மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்தப் பாவத்தை எந்த விற்பனையாலும் தீர்க்க முடியாது. மாவில் என்னென்ன தானியம், எவ்வளவு விகிதம், எப்போது அரைத்தது என்று உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். பணம் கொடுத்துப் பேசவைத்தால், அது விளம்பரம் என்பதையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

கேள்வி: ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்து மோசமாக எழுதிவிட்டார். உறவினர்களை நல்லபடியாக எழுதச் சொல்லட்டுமா?

பதில்: வேண்டாம். வியாபாரி வாடிக்கையாளர் வேடத்தில் கருத்து எழுதுவதை, 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளே தடுக்கின்றன. ஒரு நாள் பொறுத்து, கோபம் தணிந்த பிறகு, எல்லோரும் பார்க்கும்படி மரியாதையாகப் பதில் எழுதுங்கள். தவறு உங்களுடையது என்றால் ஒப்புக்கொண்டு, பணத்தையோ பொருளையோ திருப்பிக் கொடுங்கள். புதிதாக வாங்க வருபவர் புகாரைப் படிப்பதைவிட, அதற்கு நீங்கள் எழுதிய பதிலைத்தான் கவனித்துப் படிக்கிறார்.

கேள்வி: இணையதளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிவு செய்திருக்கிறார். இப்போது என்ன செய்வது?

பதில்: இதே நிலையில் சிக்கிய ஒரு குடும்பத்தை நான் அறிவேன். வடிவமைப்பாளரோடு பிணக்கு வந்ததும், ஆறு ஆண்டுகள் பழகிய முகவரி ஒரே நாளில் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. உங்களுக்கு இன்னும் நல்லுறவு இருக்கும்போதே, உரிமையாளர் விவரத்தை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பதிவுக் கணக்கு உங்கள் மின்னஞ்சலிலும் கைபேசி எண்ணிலும் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதியை நீங்களே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுத்தால், 'டாட் இன்' முகவரிகளுக்கென்று தனி நடுவர் முறை இருக்கிறது. அங்கே அந்தப் பெயரின் மேல் உங்களுக்கு உள்ள உரிமையை நீங்கள் காட்டியாக வேண்டும். டிரேட்மார்க் பதிவு இருந்தால் அதைக் கொடுக்கலாம். இல்லையென்றால் அந்தப் பெயரில் நீங்கள் வியாபாரம் செய்து வந்ததைக் காட்டும் பழைய பில்களும் லேபிள்களும்தான் துணை. முதல் ஆண்டுப் பில் புத்தகம் பரணில் கிடந்தால், இன்றே எடுத்துத் தூசி தட்டிப் பத்திரப்படுத்துங்கள்.