நுவரெலியாவில் தண்ணீர் 100இல் கொதிக்காது

கேள்வி: மகள் தரம் 10. பாடசாலையில் விஞ்ஞானப் பரிசோதனை செய்வது மிகக் குறைவு. சாதாரண தரத்தில் எழுத்துப் பரீட்சைதானே, பாடமாக்கினால் போதாதா? – ஒரு தாய், நுவரெலியா

பதில்: பாடமாக்கினால் புள்ளி வரும் அம்மா, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் உங்கள் ஊரில் படித்தபோது நடந்ததைக் கேளுங்கள். ஆய்வுகூடத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் வெப்பமானி 94க்குக் கிட்டப் போய் நின்றுவிட்டது, நெருப்பை எவ்வளவு கூட்டியும் அசையவில்லை. புத்தகத்தில் 100 என்று இருக்கிறதே, வெப்பமானிதான் பழுது என்று எல்லோரும் கொப்பியில் 100 எழுதினோம், சேரும் சரி போட்டுவிட்டார்!

வெப்பமானி சரியாகத்தான் இருந்தது. சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான், அதனால் தண்ணீர் கொதிக்க அவ்வளவு சூடு தேவையில்லை. நம் வீட்டில் பருப்பு அவியச் சுணங்குவதும் அதனால்தான் (கொழும்புச் சொந்தக்காரர்கள் என் அம்மாவின் சமையலைக் குறை சொன்னது அநியாயம்). ‘கொதிநிலை அமுக்கத்தில் தங்கியுள்ளது’ என்ற வரியை நான் அதற்கு முன்பே பாடமாக்கியிருந்தேன், அது எங்கள் அடுப்பைப் பற்றியது என்றுதான் தெரியாது.

சரி, செலவில்லாமல் ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு மீற்றர் நூலில் சின்னக் கல்லைக் கட்டி மெதுவாக ஆட்டிவிட்டு, போய்த் திரும்புவதை ஒன்றாகக் கணக்கிட்டு 10 ஆட்டத்துக்கு எத்தனை செக்கன் என்று போனில் பார்க்கச் சொல்லுங்கள், ஏறக்குறைய 20 வரும். அதே நீளத்தில் இரண்டு மடங்கு பாரமான கல்லைக் கட்டினால் கூடுமா, குறையுமா? முதலில் ஊகத்தை எழுதிவிட்டுத்தான் ஆட்ட வேண்டும். விடையை நான் சொல்லமாட்டேன், சொன்னால் அதையும் பாடமாக்கிவிடுவாள்.

கொதிநீரையும் அளக்க ஆசை வந்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை மட்டும் போட்டுவிடாதீர்கள், அது 42 பாகை வரைதான், வெடித்துவிடும்.

கேள்வி: பிளேன்டியில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளுப்பது ஏன்? – ஒரு மாணவன், ஹட்டன்

பதில்: தேயிலையின் சிவப்பு நிறப்பொருட்கள் அமிலம் பட்டால் வெளிறும், காரம் பட்டால் கறுக்கும். ஏறக்குறைய பாசிச்சாயத்தாள் செய்யும் வேலைதான். இன்னொரு கோப்பையில் அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள், அப்புறம் அதைக் குடிக்காமல் ஊற்றிவிடுங்கள்.