ஃபோக்கரின் இரட்டை உடல் விமானம்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போர் காலத்து விமானப் படம் ஒன்றைப் பார்த்தேன். ஃபோக்கர் எம்.9 என்று போட்டிருந்தது. இரண்டு விமானங்களை அருகருகே நிறுத்தி ஒட்டியதுபோல் இருக்கிறது. நடுவில் ஒரு கூடு, அதற்கு முன்னும் பின்னும் எஞ்சின். கொஞ்சமும் யோசிக்காமலா கட்டினார்கள்?

ஒரு பொறியியல் மாணவர்

அன்புள்ள தம்பி,

நன்றாக யோசித்துத்தான் கட்டினார்கள். 1915 தொடக்கத்தில் போர் விமானம் கட்டியவர்களுக்குப் பெரிய தலைவலி, துப்பாக்கியை எங்கே வைப்பது என்பதுதான். மூக்கில் வைத்தால் குண்டு சொந்தப் புரொப்பல்லரையே உடைத்துவிடும். ஜெர்மனியில் விமானத் தொழிற்சாலை நடத்திய டச்சுக்காரர் அந்தோனி ஃபோக்கர் தன் எம்.7 விமானத்தின் உடல்கள் இரண்டை எடுத்து, எஞ்சின்களை நடுக்கூட்டுக்கு மாற்றினார். இரண்டு மூக்கும் காலியாயின. ஒவ்வொன்றிலும் ஒரு துப்பாக்கி வீரர், எதிரே எந்த மறைப்பும் கிடையாது. எஞ்சின்கள் ஒரே கோட்டில் இருப்பதால், ஒன்று நின்றுபோனாலும் விமானம் ஒரு பக்கமாக இழுக்காது. எனக்கு இது அழகான யோசனையாகவே படுகிறது.

நடுக்கூட்டில் உட்கார்ந்த விமானிதான் பாவம். முன்னால் 80 குதிரைத்திறன், பின்னால் 80. இரண்டும் ஓபருர்செல் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ரோட்டரி எஞ்சின்கள். சிலிண்டர்களே புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். இந்த வகை எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள், அது பாதி எரிந்தும் எரியாமலும் வெளியே தெறிக்கும்.

சறுக்கியது வேறு இடத்தில். இதில் விமானத்தைச் சாய்க்க, கம்பியை இழுத்து இறக்கையையே முறுக்க வேண்டும். ஆகவே இறக்கை வளைந்துகொடுக்க வேண்டும். ஆனால் இரண்டு உடல்களையும் விறைப்பாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டியதும் அதே இறக்கைதான்! வால் பக்கத்தில் இரண்டையும் இணைக்க ஒரு குறுக்குச் சட்டம்கூட இல்லை. ஓட்டுவதே பெரும்பாடாகிப்போனது. திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அதற்குள் துப்பாக்கிச் சிக்கலுக்கு எளிய தீர்வு வந்துவிட்டது, அதுவும் ஜெர்மனியின் ஷ்வெரின் நகரில் இருந்த ஃபோக்கரின் அதே தொழிற்சாலையிலிருந்து. புரொப்பல்லரின் இலை குறுக்கே வராத நொடியில் மட்டும் துப்பாக்கியைச் சுடவைக்கும் இணைப்புக் கருவி அது. 1915 ஜூலை 1 அன்று ஜெர்மன் விமானி கூர்ட் வின்ட்கென்ஸ் அந்தக் கருவி பொருத்திய விமானத்தில் சென்று ஒரு பிரெஞ்சு விமானத்தை வீழ்த்தினார். அப்புறம் எம்.9 யாருக்கு வேண்டும்?

ஆனால் அந்த அமைப்பு செத்துப்போகவில்லை. 1939 மே மாதம் ஃபோக்கர் நிறுவனத்தின் டி.23 என்ற போர் விமானம் பறந்தது. முன்னும் பின்னும் எஞ்சின், நடுவில் விமானி, பின்னால் வாலைத் தாங்க இரண்டு தண்டுகள். இந்த முறை இரண்டு தண்டுகளையும் ஒரே வால் இறக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. பின் எஞ்சினைக் குளிரவைப்பதுதான் அதில் பாடாய்ப்படுத்தியது.