ஐரோப்பிய சயின்ஸ் ஃபிக்‌ஷன் காமிக்ஸ் தொடரை வாசிப்புக் குழுவில் சேர்ந்து படிக்க முடியுமா? எதில் தொடங்கலாம்?

தாராளமாக முடியும். ஆனால் நீங்கள் கேட்கும் விதத்திலேயே தெரிகிறது, உங்கள் குழுவில் யாரோ "காமிக்ஸா? அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், பேச என்ன இருக்கிறது?" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் உண்டு. ஆயிரம் பக்க ரஷ்ய நாவலைத் திறந்துகூடப் பார்க்காமல் வந்து மணிக்கணக்கில் பேசுவார். காமிக்ஸ் என்றால் மட்டும் அவருக்கு நேரம் வீண்.

நாங்கள் எடுத்துக்கொண்டது வலேரியன் - லோரலின். பியர் கிறிஸ்தான் எழுதி, ழான்-குளோத் மெஸியேர் வரைந்த பிரெஞ்சுத் தொடர். 1967இல் பிலோத் பத்திரிகையில் ஆரம்பித்தது. வலேரியன் 28ஆம் நூற்றாண்டின் அரசாங்க ஏஜென்ட், காலத்திலும் விண்வெளியிலும் சுற்றுபவன். லோரலின் 11ஆம் நூற்றாண்டுப் பிரான்சிலிருந்து அவனோடு ஒட்டிக்கொண்டு வந்தவள். ஒரே ஒரு கதைக்கென்று படைத்த பெண், வாசகர்களுக்குப் பிடித்துப்போகவே தொடரிலேயே தங்கிவிட்டாள். மேலிடத்து உத்தரவு என்றால் அவன் தலையாட்டுவான், இவள் "எதற்கு?" என்பாள்.

குழுவில் கேப்டன் டைகர் என்ற கௌபாய் காமிக்ஸின் வெறியர் ஒருவர் இருக்கிறார். குதிரை இல்லாத காமிக்ஸைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தார். டைகரை வரைந்த ழான் ஜிரோவும் மெஸியேரும் ஓவியப் பள்ளியில் சேர்ந்து படித்தவர்கள், மெஸியேர் 1960களில் அமெரிக்காவுக்கே போய்ப் பண்ணையில் கௌபாயாக வேலை பார்த்தவர் என்று சொன்னேன். மனிதர் அடுத்த கூட்டத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

எதில் தொடங்குவது என்றால், முதல் கதையில் வேண்டவே வேண்டாம். அது கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், உங்கள் ஆட்சேபணைக்காரருக்கு நீங்களே அவல் கொடுத்தது போலாகும். 1972இல் வந்த அல்ஃப்லோலால் கதையை எடுங்கள். மனிதர்கள் அல்ஃப்லோலால் என்ற கிரகத்தை ஆளில்லாத இடம் என்று நினைத்து, தொழிற்சாலையும் சுரங்கமுமாக நிரப்பி, டெக்னோராக் என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள். ஒருநாள் அதன் பூர்வகுடிகள் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்கு ஆயுள் மிக அதிகம், சும்மா ஊர்சுற்றப் போய்விட்டு 4,000 ஆண்டுகள் கழித்து வீடு திரும்பியிருக்கிறார்கள். சட்டப்படி நிலம் அவர்களுடையது. கவர்னரோ உற்பத்தி நிற்கக் கூடாது என்கிறார். லோரலின் அவர்கள் பக்கம். வலேரியன் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறான்.

இதற்குத்தான் எங்கள் கூட்டத்தில் சண்டையே வந்தது. பேச ஒன்றுமில்லை என்றவர், "4,000 வருஷம் பூட்டிவிட்டுப் போனால் வீடு யாருக்குச் சொந்தம்? திரும்பி வந்து உரிமை கேட்டால் எப்படி?" என்று ஆரம்பித்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஊரையே கொடுத்துவிட்டு வந்த குடும்பத்துப் பெண் ஒருவர் எங்களோடு படிக்கிறார். அவர் வாதாடவில்லை. புத்தகத்தை ஆட்சேபணைக்காரர் பக்கம் திருப்பி, அந்தக் குடும்பம் தங்கள் பழைய இடத்தைத் தேடிப் பார்க்கிற படத்தைக் காட்டி, "சார், வசனத்தை விடுங்க. இவங்க மூஞ்சியைப் பாருங்க" என்றார். ஆட்சேபணைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அன்று கூட்டம் முடிய ராத்திரி ஆகிவிட்டது.

ஒரே ஒரு யோசனை சொல்வேன். வீட்டில் படித்துவிட்டு வந்து கதைச் சுருக்கம் சொல்லும் முறை காமிக்ஸுக்கு உதவாது. நடுவில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பேசுங்கள். பெரும்பாலானவர்கள் வசன பலூனை மட்டும் படித்துவிட்டுத் தாவுகிறார்கள். வண்ணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மெஸியேரின் சகோதரி எவ்லின் திரான்லே போட்டது.

அல்ஃப்லோலால் முடிந்த பிறகு பின்னால் போய் 1970இன் நகரும் நீர் நகரம் கதையைப் படிக்கலாம். 1986இல் வட துருவத்தில் ஹைட்ரஜன் குண்டுக் கிடங்கு வெடித்து, பனி உருகி, நியூயார்க் முழுகிக் கிடக்கும். வானளாவிய கட்டடங்களில் கொடி படர்ந்திருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், நிஜ 1986 நெருங்கியபோது கிறிஸ்தான் தன் கதையைத் தானே திருத்த வேண்டி வந்தது. 1985இல் வந்த ஹிப்சிஸ் கதையில் அந்தப் பேரழிவே நடக்காமல் போகிறது. அழிவு இல்லாவிட்டால் அதிலிருந்து முளைத்த எதிர்காலமும் இல்லையே. நாயகனுக்கும் நாயகிக்கும் திரும்பிப் போக ஊரே இல்லை. எழுத்தாளருக்கு வந்த சங்கடத்தை இவ்வளவு அழகாகக் கதையாக்கிய வேறு தொடரை நான் பார்த்ததில்லை.

அந்த முழுகிய தெருக்களைப் பார்த்ததும் சென்னைக்காரர்கள் 2015 வெள்ளத்துக்குத் தாவாமல் இருப்போமா? எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் என்று தோண்டினார்கள். தோண்டியவர் பாதியில் போய்விட்டார். மூடி போட இன்னொருவர் வந்தார், அவர் போட்ட மூடி சாலையை விட உயரம். தண்ணீர் வடிகாலுக்குள் போக மேடேறிப் போக வேண்டும். புகார் கொடுத்தால் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. அந்தக் கூட்டத்தில் பாதி நேரம் இதற்கே போனது, சரி, விடுங்கள்.

2017இல் வந்த லூக் பெஸ்ஸோன் படத்தைப் பார்த்துவிட்டு "அது சுமார்தானே" என்று யாராவது வருவார்கள். படத்தின் கதை பெரும்பாலும் 1975இன் நிழல்களின் தூதர். காமிக்ஸில் வலேரியனைத் தூதரோடு சேர்த்துக் கடத்திப் போய்விட, கதை முழுக்க அலைந்து தேடுபவள் லோரலின்தான். படித்துவிட்டு வந்து பேசட்டும்.

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் என்மேல் பாய வேண்டாம். ஸ்டார் வார்ஸ் இந்தத் தொடரைப் பார்த்து எடுத்ததா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. மெஸியேரே 1983இல் ஸ்டார் வார்ஸின் லூக், லேயா இருவரையும் வலேரியன், லோரலின் இருவரையும் ஒரே மதுக்கடையில் உட்காரவைத்து, நாங்கள் இங்கே ரொம்ப நாளாக இருக்கிறோம் என்று லோரலினைச் சொல்லவைத்துப் படம் போட்டு முடித்துக்கொண்டார்.

நாங்கள் படித்தது சினிபுக் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பு. பிரெஞ்சில் படிக்காமல் இதெல்லாம் பேசலாமா என்று கேட்பவர்களுக்குப் பின்னூட்டத்தில் பதில் சொல்லமாட்டேன்.