சேட்டு வீட்டு மொழி

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் அடகுக்கடை வைத்திருக்கும் சேட்டு நன்றாகத் தமிழ் பேசுவார். அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் வேறு ஏதோ மொழி. இந்தி படித்த என் மகளுக்கே பாதிதான் புரிகிறது. மார்வாரி என்பது வியாபாரிகள் பேசும் கொச்சை இந்திதானே?

க., வேலூர்

அன்புள்ள க.,

கொச்சை என்ற சொல்லை முதலில் விட்டுவிடுவோம். நமக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’ ஒன்றுதான். மார்வாரியில் கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘ஆபாம்’, அவரை விட்டுவிட்டுச் சொன்னால் ‘ம்ஹே’. இந்தியில் இல்லாத நம் ‘ள’வும் அங்கே உண்டு. இன்னொரு மொழியைத் தப்பாகப் பேசுவதால் இதெல்லாம் வந்துவிடாது.

வியாபாரிகள் மொழி என்பதும் சரியில்லை. ஊரைவிட்டு வந்தவர்களில் நம் கண்ணில் பட்டவர்கள் கடைக்காரர்கள், அவ்வளவுதான். ராஜஸ்தானில் ஜோத்பூர், நாகௌர், பாடமேர் பக்கம் போனால் ஒட்டகம் மேய்க்கும் ராய்க்காவும் உழவரும் பேசுவது இதைத்தான். அங்கே பரம்பரையாகப் பாடும் மாங்கணியார்கள் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாகத் தங்களை ஆதரிக்கும் ராஜபுத்திரர் வீட்டுக் கல்யாணத்தில் கமாய்ச்சா என்ற வில் வாத்தியத்தை வாசித்து, அந்தக் குடும்பத்தின் வம்சப் பெருமையைப் பாடுவார்கள். எனக்கு மார்வாரி என்றதும் நினைவுக்கு வருவது அந்தக் குரல்தான், அடகுக்கடை இல்லை. போருந்தா கிராமத்தில் உட்கார்ந்து வாய்மொழிக் கதைகளை இந்த மொழியிலேயே எழுதிய விஜய்தான் தேத்தாவுக்கு 1974இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ராஜஸ்தானி என்ற பெயரில் அகாதெமி ஏற்றுக்கொண்ட மொழி அது.

அரசாங்கக் கணக்கு வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 78 லட்சம் பேர் தாய்மொழி மார்வாரி என்று எழுதினார்கள். அத்தனை பேரையும் இந்தியின் கீழ் சேர்த்துவிட்டார்கள். ராஜஸ்தானியை அரசியல் சட்டத்தின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்க்கச் சொல்லி 2003இல் ராஜஸ்தான் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, இன்னும் சேர்க்கவில்லை. தாய்மொழியை இன்னொரு மொழியின் கணக்கில் எழுதினால் நாம் சும்மா இருப்போமா? எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த முறை சேட்டு போனில் பேசும்போது காது கொடுங்கள். ‘ராமனுடைய வீடு’ என்பதற்கு இந்தியில் ‘ராம் கா கர்’. மார்வாரியில் ‘ராம் ரோ கர்’. ‘ரோ’, ‘ரீ’ என்று விழுந்தால் அவர் பேசுவது மார்வாரி. முடிந்தால், அவர் பிள்ளைகள் பதிலுக்கு ‘ரோ’ சொல்கிறார்களா, ‘கா’ சொல்கிறார்களா என்றும் கவனித்து எழுதுங்கள்.